ஆட்டுக்கு முளைத்த பிடரி

ஒரு காட்டில், மரத்துக்கொரு கொட்டகை வந்து மிருகமெல்லாம் சினிமாப் பைத்தியம் பிடித்துத் திரிந்த காலத்தில், பொன்னுரங்கம் என்ற பச்சோந்தி கிராபிக்ஸ் ஸ்டுடியோ வைத்திருந்தது.

தொடங்கியது புளியமரப் பொந்தில், ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரோடு. முதல் வேலை, முயல் வீட்டுக் கல்யாண வீடியோவில் மணமக்கள் தலைமேல் ரோஜாப்பூ கொட்ட வைத்தது. அப்புறம் சினிமாவில் பறந்து சண்டை போடும் குரங்குகளைத் தூக்கிப் பிடிக்கும் இடுப்புக் கயிற்றைத் திரையில் தெரியாமல் அழிக்கும் வேலை. பதினோரு வருஷம் கயிறு அழித்தது. பச்சோந்திக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் ஏது? இருப்பதை இல்லாமல் ஆக்க வேண்டும். ஆக்கியது யாரென்றும் தெரியக் கூடாது.

பெயர் போடாமல் இல்லை. படம் முடிந்த பிறகு பொடி எழுத்தில் போடுவார்கள். அதற்குள் கொட்டகைக் கரடி துடைப்பத்தோடு வந்து, "எந்திரிங்க, அடுத்த ஷோவுக்குக் கூட்டணும்" என்று விரட்டிவிடும்.

"மாப்பிள்ளை என்னதான் வேலை பார்க்கிறார்?" என்று மாமனார் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்பார்.

"கயிறு அழிக்கிறாருப்பா" என்று சொல்லிச் சொல்லி மனைவி மரகதத்துக்கே கூச்சமாகிவிட்டது. நாலு பேர் முன்னால் யாராவது தன் பெயரைச் சொல்ல வேண்டும், அதை மாமனார் கேட்க வேண்டும். பொன்னுரங்கத்துக்கு வேறு ஆசையே கிடையாது.

அப்போதுதான் கேசரிநாதரின் படம் வந்தது. முப்பது வருஷமாக நாயகனாக நடிக்கும் சிங்கம் அவர். பிடரி மயிர் மொத்தமும் கொட்டிவிட்டது; கம்ப்யூட்டரில்தான் வைக்க வேண்டும். மேனேஜர் நரி மூன்று பிரதியில் ஒரு படிவம் நீட்டியது: 'படத்தில் வருவது ஐயாவின் சொந்தப் பிடரி. மாற்றிச் சொல்ல மாட்டேன்.'

"என் பேரு?" என்றது பொன்னுரங்கம்.

"நன்றிப் பட்டியல்ல வரும். டீ கொடுத்த பன்னிக்கு அடுத்தது நீதான்."

பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டது. மானம் பார்த்தால் ஸ்டுடியோ நடத்த முடியுமா?

எட்டு மாசம் மயிர் மயிராக வைத்தது. "பிடரியில கோபம் பத்தலையாம்" என்றது நரி. கோபம் ஏற்றியது. "இப்போ கருணை குறையுதாம்." கம்ப்யூட்டரில் 'பிடரி கடைசி', 'பிடரி உண்மையிலேயே கடைசி', 'பிடரி சத்தியமா கடைசி' என்று வரிசையாகச் சேர்ந்தன. நாற்பத்தோராவது தடவை, "முதல்ல அனுப்பினதே நல்லா இருந்துச்சாம். நாளைக்கு ரிலீஸ்" என்று தகவல் வந்தது.

பொன்னுரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பிடரியையே எடுத்து எல்லாக் காட்சியிலும் ஒட்டியது. இடையில் ஒரு காட்சியில் சிங்கத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். அது நினைவில் இல்லை. பழைய இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஓர் ஆடு நின்றது.

திரையில் சிங்கம் மொட்டையாக வசனம் பேசியது. பக்கத்தில் ஆடு, காற்றில் அலையும் பிடரியோடு, கோபமும் கருணையுமாகப் பார்த்தது. கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது.

மறுநாள் கேசரிநாதர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டினார்.

"ஐயா, ஆட்டுக்கு எப்படிப் பிடரி வந்தது?" என்றது ஒரு காக்கை.

"அந்தப் புளியமரத்துப் பச்சோந்தி பொன்னுரங்கம் பண்ணின வேலை! எட்டு மாசமா என் பிடரியைப் போட்டதே அவன்தான்!" என்று கர்ஜித்தார். நரி ஓடிவந்து வாயைப் பொத்துவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

பின்வரிசையில் சுவரின் நிறத்துக்கு மாறி ஒளிந்திருந்த பொன்னுரங்கத்தின் தோளைப் பிடித்து யாரோ தூக்கினார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த மாமனார்தான்.

"எங்க மாப்பிள்ளைங்க!" என்று கத்தினார்.

பொன்னுரங்கம் அழுதேவிட்டது.

மறுநாள் காலையில் புளியமரத்தடியில் நூற்றுப் பத்து ஆடுகள் வரிசையில் நின்றன. மரகதம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் அதே பிடரிதான் வேண்டுமாம். முதல் ஆடு முன்னால் வந்து, மூன்று பிரதியில் ஒரு படிவத்தை நீட்டியது.

"சொந்தப் பிடரின்னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போடுங்க. வெளியில யார்கிட்டயும் உங்க பேரைச் சொல்லிடாதீங்க."

நீதி: ஒழுங்காகச் செய்த வேலை அடுத்தவர் தலையில் முளைக்கும், சொதப்பினால்தான் அது உன் வேலை என்று ஊருக்குத் தெரியும். ஆகவே மாமனார் ஊரில் இருக்கும் வாரமாகப் பார்த்துச் சொதப்புக.