ஆற்றைத் திட்டிய கடலக்கா

ஓர் ஆற்றை அதன் முகத்துக்கு நேரே கேவலமாகப் பேசத் துணிந்தவள், எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே கடலக்கா ஒருத்திதான்.

திருவிதாங்கூர்-கொச்சி காலம். திற்பரப்புக்கு மேலே, காட்டோரத்தில், கோதையாற்றின் நீர்மட்டத்தை அளக்கும் முகாம். அங்கே இருந்தவர்கள் ஆபீசர், எழுத்தரான நான், சமையலுக்குக் கடலக்கா. கடலோரத் தேங்காய்ப்பட்டணத்துக்காரி, சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. சோறு குழைந்தாலும் கொசு கடித்தாலும் பேச்சைக் கடலில்தான் கொண்டுபோய் முடிப்பாள். ஆற்றில் குடத்தை முக்கும்போதே, "இதெல்லாம் ஒரு வெள்ளமா மக்கா? பாத்திரம் கழுவி ஊத்துனது மாதிரி!" என்பாள்.

அந்த ஐப்பசியில் புயல் அடித்தது. காலையில் பார்த்தால் முகாமைச் சுற்றி ஆறு. ஆபீஸ் கொட்டகை எங்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது. ஆபீசரோ மலைக்காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தார். எதிரே ரப்பர் தோட்டத்து மேடு. நடுவில் சுழித்தோடும் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது.

கடலக்கா சேலையை வரிந்து கட்டினாள். அடுக்களைக்குப் பின்னால் நின்ற வாழைகளை வெட்டிச் சாய்த்துக் கிணற்றுக் கயிற்றால் பிணைத்தாள். ஆபீசரைக் கம்பளியோடு தூக்கி அதில் கிடத்தினோம்.

"அக்கா, இது தாங்குமா?"

"வாய மூடிட்டு ஏறுலே! மலை மாதிரி அலைய பாத்தவளாக்கும் நான்."

கழியால் உந்தினாள். தெப்பம் பம்பரமாகச் சுற்றியது. "மாதாவே!" என்று அவள் போட்ட கூச்சலில் காய்ச்சல்காரரே எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சாரே, அனங்காம கெடயும்! மறிஞ்சிரும்!" என்று ஒரு கையால் அவரை அமுக்கினாள், மறு கையால் ஓர் அயனிமரக் கிளையைப் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. விடவில்லை. நானும் அதே கிளையைப் பற்ற, இருவருமாக இழுத்து மேட்டைச் சேர்ந்தோம்.

"நல்லவேளை அக்கா, ஒனக்கு வள்ளம் விடத் தெரிஞ்சுது."

"வள்ளமா? எங்க ஊருல பொம்பளையளு கடலுக்குப் போவாளுவளா? நான் கரையில நின்னு மீன் வித்தவ. கணுக்காலுக்கு மேல நனைஞ்சதில்ல."

"நீச்சல்?"

"போலே!"

சொல்லிவிட்டு உட்கார்ந்தவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. ஆபீசர் பாதி நனைந்த தன் கம்பளியை எடுத்து அவள்மேல் போர்த்தினார்.

வெள்ளம் வடிந்து திரும்பினால், அடுக்களையில் முழங்கால் சேறு, சோற்றுப்பானை பலாமரத்தில். கையில் கட்டோடு சேற்றை அள்ளிக்கொண்டே ஆற்றைப் பார்த்துக் கத்தினாள்: "வெக்கங்கெட்டவளே, அடுத்தவ அடுக்களையில ஒனக்கு என்னட்டி சோலி?"

சில மாதங்களில் ஆபீசரையும் என்னையும் வேறு முகாமுக்கு மாற்றினார்கள். உத்தரவைப் படித்து முடித்த ஆபீசர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடலக்கா வருவாளா?"

அதற்குள் நான் அடுக்களைக்கு ஓடியிருந்தேன், அதையே கேட்க.