அடுக்களைக் கண்ட்ரோல்

ஊரில் அரிசிக்கு சர்க்கார் கண்ட்ரோல் இருந்தது. சீனிக்கும் இருந்தது. மல்துணிக்குக்கூட வந்து போயிருந்தது. தன் வீட்டில் மட்டும் எதற்கும் கண்ட்ரோல் இல்லையே என்று கோலப்ப பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞானம் பிறந்தது. கொண்டுவந்தே தீருவது என்று அந்த நிமிஷமே தீர்மானித்தார்.

சாலைக் கடைத்தெருவில் அவருக்கு இரும்புக்கடை. ஆணி, பூட்டு, கொண்டி எல்லாவற்றோடும் எலெக்ட்ரிக் வயரும் விற்றார். வயர் விற்பவனுக்கு மின்சாரம் தெரியாமல் இருக்குமா என்பது அவர் கட்சி. ஆரியசாலையில் வீடு. ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையில் ரேடியோ பாட, பக்கத்து வீட்டுத் தாலுகா கச்சேரி குமஸ்தா சத்தியநேசனோடு சீட்டாடுவது அவருக்கு வாரத்தின் ஒரே சுகம். கை ஜெயிக்கப் போகிற சமயம் பார்த்து அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"கேட்டியளா! அந்தப் பரணைக் காலி பண்ணணும்னு எத்தனை நாளாச் சொல்லுகேன்!"

அது அவர் மனைவி மங்கலம். திருக்கொச்சி ராஜ்யத்தில் மந்திரிசபை எத்தனை முறை மாறினாலும் மங்கலத்தின் கோரிக்கை மாறவில்லை. மூன்று வருஷமாக அதே பரண்.

கோலப்ப பிள்ளை போட்ட திட்டம் இது. ரேடியோவிலிருந்து வயர் இழுத்து அடுக்களை, படுக்கையறை, பூஜையறை, பின்கட்டு என்று நாலு இடத்திலும் ஒவ்வொரு ஸ்பீக்கர். நாலுக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ்கள் ஒரே பலகையில். அந்தப் பலகை அவர் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில்.

"எதுக்கு இவ்வளவு?" என்றாள் மங்கலம்.

"நீ அடுப்படியில நின்னுக்கிட்டே பாட்டுக் கேக்கலாம்லா."

"எனக்காகவா?"

"பின்னே ஆருக்காக?"

மங்கலம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லாமலிருந்தது இருபது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

ரெண்டு ஞாயிறு சொர்க்கமாகப் போயிற்று. பரண் என்று அவள் 'ப' எடுத்ததும் இவர் அடுக்களைக் குமிழை ஒரு திருகு திருகுவார். அங்கே நாகஸ்வரம் முழங்கும்.

"கேட்டியளா! பர..."

"என்ன? கேக்கல்ல! தவில்காரன் விடமாட்டேங்கான்!"

சத்தியநேசன் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, உங்க மூளைக்கு ஒரு கோட்டை கட்டலாம்."

மூன்றாவது ஞாயிறு. மங்கலம் குரல் கொடுத்தாள். இவர் குமிழைத் திருகினார். நாகஸ்வரம் வரவில்லை. "ங்ங்ஙொய்ய்ய்" என்று ஒரு இரைச்சல் வந்தது. பித்தளைக் குடத்துக்குள் நாற்பது வண்டு அகப்பட்டுக்கொண்ட மாதிரி. அடுக்களையில் மட்டுமல்ல, எல்லா ஸ்பீக்கரிலும், அவர் தலைக்குமேல் ரேடியோவிலும்! பதறிப்போய்க் குமிழைத் தணித்தார். இரைச்சல் நின்றது. கூட்டினார். வந்தது. தணித்தார். நின்றது.

"என்ன அண்ணாச்சி இது?"

தெரியாது என்று சொல்ல இரும்புக்கடைக்காரருக்கு வாய் வரவில்லை. "கடல்காத்து" என்றார். "சங்குமுகத்துல இருந்து உப்புக்காத்து வருதுல்லா? அது குமிழுக்குள்ள ஏறிருக்கு. உப்பும் மின்சாரமும் சேர்ந்தா இப்பிடித்தான். பெரிய சயின்ஸ் வே, சொன்னா உமக்கு மனசிலாகாது."

சத்தியநேசன் பயபக்தியோடு தலையாட்டினார்.

மறுநாள் குமிழ்களைக் கழற்றி ஸ்பிரிட்டில் துடைத்தார். ஞாயிறு வந்தது, இரைச்சலும் வந்தது. படுக்கையறைக் குமிழை அடுக்களைக்கும் அடுக்களைக் குமிழைப் படுக்கையறைக்கும் மாற்றிப் போட்டார். இப்போது படுக்கையறையைத் திருகினால்தானே இரைய வேண்டும்? அது சமர்த்தாகப் பாடியது. அடுக்களையைத் திருகினால் "ங்ங்ஙொய்ய்ய்". குமிழ் மாறினாலும் குணம் மாறவில்லை. கோலப்ப பிள்ளை தலையைச் சொறிந்தார். கடையில் ஆணி கேட்டவனுக்குப் பூட்டு கொடுத்து அனுப்பினார்.

ரேடியோ மெக்கானிக் நேசமணியை அழைத்து வந்தார். நேசமணி அடுக்களைக் குமிழைக் கடைசிவரை திருகினான். கணீரென்று பாட்டு.

"இரைச்சல் இல்லியே முதலாளி?"

"இப்ப இல்ல. நான் திருகுனாத்தான் வரும்."

நேசமணி அவர் கையைச் சந்தேகமாகப் பார்த்தான். மங்கலம் அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "பாவம், ரொம்ப அலைச்சல் அவ்வோளுக்கு. வயரை எலி கிலி கடிச்சிருக்குமோ? எல்லாம் பரண் வழியாத்தானே போகுது?"

"அதையும் பாத்திரலாம்" என்றான் நேசமணி. "பரணைக் காலி பண்ணுங்க முதலாளி."

மூன்று நாள் கடைக்குப் போகாமல் கோலப்ப பிள்ளை பரணில் குடியிருந்தார். உருளி நாலு, ஓட்டை அண்டா ரெண்டு, கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்குப் பெட்டி, கால் ஒடிந்த தொட்டில், ஒரு சாக்கு நிறைய சிரட்டை, எல்லாம் கீழே இறங்கின. தும்மித் தும்மி மூக்கு குங்குமமாயிற்று. எலி கடித்த வயர் ஒரு சாண்கூட இல்லை.

"இறங்காதீங்க" என்றாள் மங்கலம் கீழேயிருந்து. "கையோட ஒட்டடையும் அடிச்சிருங்க."

அடித்தார்.

அடுத்த ஞாயிறு இரைச்சல் இல்லை. கோலப்ப பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டம்லா! ஒட்டடையிலயும் உப்பு பிடிக்கும் வே!" என்று சத்தியநேசனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே குரல் வந்தது.

"கேட்டியளா! பின்கட்டுச் செவுருக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்!"

கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. "ங்ங்ஙொய்ய்ய்."

அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. "வே, நீரு இதைத் திருகிக்கிட்டே இரும். நான் வெளிய போய் வயரைச் சுத்திப் பாத்துட்டு வாறேன்" என்று சத்தியநேசனை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைப்புறம் போனார்.

போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

ரேடியோவுக்கு ஒரு எர்த்துக் கம்பி உண்டு. அடுக்களை ஜன்னல் வழியாக வந்து, குழாயடியில் புதைத்த இரும்புக் குழலில் சுற்றியிருக்கும். அது கழன்றால் ரேடியோ இரையும். அந்த ஜன்னலுக்குள்ளிருந்து வளையல் போட்ட கை ஒன்று வெளியே நீண்டிருந்தது. முன்னறையில் சத்தியநேசன் குமிழைக் கூட்டினார். கை கம்பியைச் சுண்டி இழுத்தது. குமிழ் தணிந்தது. கை கம்பியைத் திரும்பச் சொருகியது. கொஞ்சமும் அவசரமில்லாமல், புளிக்குழம்புக்கு உப்புப் பார்க்கிற மாதிரி.

"ஏட்டி! நீயா?"

கை உள்ளே போகவில்லை. முகம்தான் வெளியே வந்தது.

"நான்தான். நீங்க அங்க திருகுனா நான் இங்க பிடுங்குதேன்."

"என்னை மூணு நாளு பரண்ல கெடக்க வச்சியே!"

"மூணு வருஷம் என்னைத் தொண்டை வத்தக் கத்த வச்சியளே."

"இப்பவே இந்தக் கம்பிய ஈயம் வச்சு ஒட்டுதேன் பாரு!"

அந்த நேரம் முன்னறையிலிருந்து சத்தியநேசன் கூவினார்: "அண்ணாச்சி! இரைச்சல் நின்னுட்டு! கடல்காத்து போயிற்றா?"

மங்கலம் முந்தானையில் கையைத் துடைத்தாள். "நான் போய்ச் சொல்லட்டுமா, அந்தக் காத்து எங்கேருந்து வந்துதுன்னு?"

ஆரியசாலை முழுக்கத் தன் சயின்ஸ் சிரிப்பாய்ச் சிரிப்பது கோலப்ப பிள்ளையின் கண்ணில் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் ஆணி கேட்பதற்கு முன்னால் காற்று எப்படி என்று கேட்பார்கள். அவர் குரல் தணிந்தது. குமிழ் இல்லாமலே தணிந்தது.

"உனக்கு என்னதாம்ட்டி வேணும்?"

"அந்தப் பலகை."

புதன்கிழமைக்குள் பலகை அடுக்களைச் சுவருக்குப் போய்விட்டது. அவரே கழற்றி, அவரே மாட்டினார். பின்கட்டுக்குச் சுண்ணாம்பும் அவரே அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சத்தியநேசன் வந்தார். பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகளைப் பார்த்தார்.

கோலப்ப பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு காரியம் கண்டுபிடிச்சேன் வே. அடுப்புச் சூடு இருக்குல்லா, அதுல குமிழு எப்பவும் உலர்ந்தே இருக்கும். ஈரம் ஏறாது. இரைச்சல் வராது. அதான் ஆலோசிச்சு, நானாத்தான், அடுக்களைக்கு மாத்தினேன்."

சத்தியநேசன் சீட்டைப் போட்டார். வாசலைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார், பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"எங்க வீட்டு ரேடியோ போன ஓணத்துக்கே அடுக்களைக்குப் போயாச்சு அண்ணாச்சி. அந்தக் கம்பி வித்தைய உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக் குடுத்ததே என் வீட்டுக்காரி ரத்னாபாய்தான்."