மூன்றாவது பாட்டோடு நிறுத்தியிருக்கலாம்

பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். சம்பளத்துக்கு நிரல் எழுதுகிறவன் வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். நான் அந்த ரகம் இல்லை. பகலில் ஒரு லாரி கம்பெனியில் பில் போடும் வேலை, சாயங்காலம் ஆனால் விஞ்ஞானி. (விஞ்ஞானி என்று நானேதான் சொல்லிக்கொண்டேன். வேறு யாரும் சொன்னதாக நினைவில்லை.)

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே வரிசை வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, மாலதி அக்கா, நான். அந்த மூன்று பேரும் என்னால் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அம்மாவின் பூச்செடிகளுக்குத் தானாகவே தண்ணீர் ஊற்ற ஒரு கருவி செய்தேன். ஈப்போவில் சாயங்காலம் ஆனால் மழை கொட்டும். என் கருவி மழையோடு போட்டி போட்டுக்கொண்டு ஊற்றியது. துளசி அழுகிப் போனது. அம்மா தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு என் கண்ணில் பட்டது வாசல் மணி.

அமுக்கினால் அடிக்கும் சாதாரண மணி. அதில் அறிவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கழற்றிப் போட்டேன். ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டை வாங்கி, ஸ்பீக்கரோடு சேர்த்து, ஹால் சீலிங்குக்குள் ஏற்றினேன். யாருடைய கைப்பேசி எங்கள் வீட்டு வைஃபைக்குள் வருகிறதோ, அவர் வந்துவிட்டார் என்று அதற்குத் தெரியும். உடனே அவருக்கு என்று நான் வைத்திருக்கும் இசை சீலிங்கிலிருந்து வரும். அப்பா வேலை முடிந்து வந்தால் நாதஸ்வரம். அம்மா பாசாரில் காய்கறி வாங்கி வந்தால் பக்திப் பாட்டு. அக்காவுக்கு ஒரு பழைய காதல் பாட்டின் புல்லாங்குழல். என் நண்பன் மோகன் உறுமி மேளக் குழுவில் வாசிப்பவன். பாதி நாள் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். அவனுக்கு அவனே வாசித்துப் பதிவு செய்து கொடுத்த உறுமி.

அம்மா நாற்காலியில் ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இதுக்கு சுவிட்ச் எங்க தம்பி?"

"சுவிட்ச் எல்லாம் தேவையில்லம்மா. எப்ப அடிக்கணும்னு அதுக்கே தெரியும்."

அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்கா தனியார் கிளினிக்கில் தாதி. ஒரு பயிற்சி வகுப்பில் சுரேஷைப் பார்த்துப் பழகியிருக்கிறார். அவர் சுங்காய் ஊர்க்காரர், மருந்தகத்தில் வேலை. அக்கா லேசில் யாரையும் பிடித்திருக்கிறது என்று சொல்கிற ஆள் இல்லை. சுரேஷைப் பற்றி அம்மாவிடம் சொன்னபோது காது வரைக்கும் சிவந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, கல்யாணத் தேதி குறிக்க அவர்கள் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக ஏற்பாடு.

அன்று காலையில் அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, அந்த சீலிங் சாமான இன்னிக்கி மட்டும் அடைச்சி வையிலா."

"அக்கா, அவங்க அசந்து போவாங்க, பாருங்க," என்றேன். அணைக்கவில்லை. ஆட்கள் பேசும் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று கம்ப்யூட்டரில் ஒலியை முழுவதும் கூட்டி வைத்தேன்.

சுரேஷ், அவர் அம்மா, அவர் அக்கா மூவரும் வந்தார்கள். சுரேஷின் அம்மா சின்ன உருவம், மெல்லிய குரல். எங்கள் அம்மாவும் அவரும் ஐந்தே நிமிடத்தில் எந்த ரப்பர் தோட்டம், அதில் எந்த டிவிஷன் என்று ஆரம்பித்து, உறவு கண்டுபிடிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். அப்பா காலண்டரை எடுத்துவந்தார். அக்கா தேநீர் கொடுத்துவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐஸ் வாங்கப் போயிருந்த மோகன் அப்போதுதான் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கு வந்தான்.

சீலிங்கிலிருந்து உறுமி இறங்கியது. உறுமிச் சத்தம் கேட்டால் சிலருக்கு அருள் வரும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அது கோயில் திருவிழாவில் நடக்கிற விஷயம், நம் வீட்டு சோபாவில் நடக்காது என்று நான் நினைத்திருந்தேன். (நினைத்தேன் என்பதுகூடப் பொய். நினைக்கவே இல்லை.)

சுரேஷின் அம்மா கையிலிருந்த கோப்பை சாய்ந்தது. தோள் ஆடத் தொடங்கியது. கொண்டை அவிழ்ந்தது. அந்த மெல்லிய குரல்காரம்மா எழுந்து நின்று, ஹால் அதிரக் கேட்டார்.

"யாரு என்னைக் கூப்பிட்டது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெற்ற தகப்பன், கையை நீட்டியே காட்டினார். நான் வாயைத் திறந்தேன். எனக்கு வந்தது ஒரே வார்த்தைதான்.

"வைஃபை," என்றேன்.

ஐஸ் பையோடு வாசலில் நின்ற மோகன், நிலைமையைப் பார்த்து, "மச்சான், அத நிப்பாட்டு," என்றான். எப்படி நிப்பாட்டுவது? சீலிங்குக்குள் இருக்கிறது. சுவிட்ச் இல்லை, அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்து நிறுத்த நேரமும் இல்லை. அப்பா ஓடிப்போய் வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கினார். உறுமி நின்றது, மின்விசிறியும் நின்றது. அம்மா சாமி அறைக்கு ஓடி, திருநீறும் கற்பூரமும் எடுத்துவந்தார். "தெரியாம நடந்துருச்சு தாயே. பிள்ளைய மன்னிச்சு மலையேறும்மா," என்று நெற்றியில் திருநீறு இட்டார். ஆட்டம் மெல்ல அடங்கியது. சுரேஷின் அம்மா சோபாவில் சரிந்து உட்கார்ந்தார்.

கண் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது மகனைத்தான். பிறகு அழுதார்.

"பிள்ளைங்களுக்கு ஒரு நல்லது நடக்குற வரைக்கும் திருவிழா பக்கமே போறதில்லன்னு இருந்தேன்," என்று எங்கள் அம்மாவிடம் சொன்னார். "மேளம் கேட்டா என்னால தாங்க முடியாதுங்க. பொண்ணு வீட்டுல வந்து இப்படி ஆயிருச்சே."

சுரேஷின் அக்கா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மாவப் பத்தி யாரோ உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. உண்மையான்னு பாக்கத்தான மேளத்த வச்சீங்க?"

அப்படி ஒருவர் நினைக்கலாம் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. யோசித்துப் பார்த்தால் அவர் மேல் தப்பு இல்லை. சம்பந்தம் பேச வந்த வீட்டில் சீலிங்குக்குள் உறுமியை ஒளித்து வைத்திருந்தால், வேறு எதற்கு என்று நினைப்பார்கள்?

எங்கள் அம்மா கெட்டிக்காரர். சுரேஷின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "இதுல வெக்கப்பட என்னக்கா இருக்கு? எங்க சின்னம்மாவுக்கும் வரும். சாமி வந்த வீடுன்னு நாங்க சந்தோஷம்தான் படணும்." மோகன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்த இசை தனக்கு வைத்தது என்று சத்தியம் செய்தான். கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் இளகின. சுரேஷின் அக்காகூடத் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சுரேஷ் மாலதி அக்காவைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்தார்.

"வேர்க்குது, காத்து போடுறேன்," என்று அப்பா மெயின் சுவிட்சை ஏற்றினார்.

மின்விசிறி சுற்றியது. மூலையில் ரவுட்டர் விளக்கு சிமிட்டியது. எனக்கு உறைத்தது. ரவுட்டர் முழுதாக எழுந்ததும் வீட்டில் இருக்கும் எல்லாக் கைப்பேசியும் புதிதாக வைஃபைக்குள் வரும். என் நிரலுக்கு அப்போதுதான் எல்லாரும் வீடு திரும்பியதாகத் தோன்றும். அது எல்லாரையும் வரவேற்கும், வரிசையாக. நான் எழுதிய நிரல் அடுத்து என்ன செய்யும் என்பதை அவ்வளவு சரியாக நான் கணித்தது அந்த ஒரு நாள்தான்.

"அப்பா, மெயின இறக்குங்க."

"இப்பத்தானடா போட்டேன்," என்றார் அப்பா.

சீலிங்கில் நாதஸ்வரம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்து பக்திப் பாட்டு. சுரேஷின் அம்மா கைகூப்பினார். மூன்றாவதாக அக்காவின் புல்லாங்குழல். சுரேஷ் சீலிங்கைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அக்காவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். "இது நல்லா இருக்கு," என்றார் சுரேஷின் அம்மா. நான் அதற்குள் நாற்காலியின் மேல் ஏறி, சீலிங் பலகையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவதாக உறுமி வந்தது.

அந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை வரவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தது தெரிந்தது. எழுந்து, செருப்புகூடப் போடாமல், வெளியே நிறுத்தியிருந்த காடிக்கு ஓடி, கதவைச் சாத்திக்கொண்டார். சுரேஷ் அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.

சுரேஷின் அக்கா மட்டும் நின்றார். "ஒரு தடவன்னா தெரியாம. ரெண்டாவது தடவ?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாற்காலியில் நின்றபடியே, ரவுட்டர் மறுபடி எழும்போது என்ன நடக்கும் என்று விளக்கமாகச் சொன்னேன்.

"அப்ப வரும்னு உங்களுக்குத் தெரியும்," என்றார் அவர். ஆமாம், தெரியும். நாற்காலியிலிருந்து இறங்கினேன்.

அப்பாவும் அம்மாவும் பிறகு சுங்காய்க்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். நானும் போனேன். சுரேஷின் அம்மா தேநீர் கொடுத்தார், என்மேல் கோபம் இல்லை என்றார். ஆனால் எங்கள் வீட்டு வாசலை மறுபடி மிதிக்கத் தனக்குத் தெம்பு இல்லை என்றும் சொன்னார். சுரேஷ் தன் அம்மா பேச்சைத் தாண்டவில்லை. அடுத்த வருடம் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அக்காவுக்கு வேறு வரன்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சீலிங்கில் நான் பிய்த்த ஓட்டை இன்னும் இருக்கிறது. வருகிற சொந்தக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்பார்கள், அப்பா கதையை நடித்தே காட்டுவார். என் "வைஃபை" வரும் இடத்தில் வீடு சிரிப்பில் அதிரும். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. யாராவது அளவு மீறினால், இன்னொரு தோசை கேட்டாலும் சரி, பழைய கதையை இழுத்தாலும் சரி, "மூணாவது பாட்டோட நிறுத்து" என்பார்கள். இதைச் சொல்லாதவர் அக்கா மட்டும்தான்.

போன மாதம் புதிதாக ஒன்று செய்தேன். மழை வருமுன் துணி எடுக்கச் சொல்லும் கருவி. அக்கா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கொண்டுபோய்க் காட்டினேன்.

"சுவிட்ச் இருக்கா?"

இருந்தது, பெரிதாக, சிவப்பாக. அக்கா அதை அமுக்கி அணைத்தார், மறுபடி போட்டார், மறுபடி அணைத்தார்.

"நல்லா இருக்கு தம்பி," என்றார். பிறகு சீலிங் ஓட்டையை அண்ணாந்து பார்த்தார். "அன்னிக்கி மூணாவது பாட்டோட நிறுத்தியிருக்கலாம்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். மடித்துக்கொண்டிருந்த துணி வெகுநேரம் அவர் மடியிலேயே கிடந்தது.