ஒகுமுராவுக்கு ஒரு கட்டி வேண்டும்

இருபது சுண்டெலிகளில் ஒன்றுக்குக்கூடப் புற்றுநோய் வரவில்லை. ஒகுமுரா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஊரே வரக் கூடாது என்று வேண்டுகிற நோய் வரமாட்டேன் என்கிறதே என்று கண்கலங்கிய மனிதர், ஒசாகாவில் அன்றைக்கு அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

காரணம் இருந்தது. புற்றுநோய்ச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. ‘வளர்’ என்ற உத்தரவு அவை வழியாகத்தான் உள்ளே போகிறது. அந்த வழியை அடைக்க ஒரு மருந்தை வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கியிருந்தார் ஒகுமுரா. எலிகளுக்குப் புற்றுநோய்ச் செல்களை ஊசியில் ஏற்றி, கட்டி வளர்ந்த பிறகு பாதி எலிகளுக்கு மருந்து கலந்த தீனி, மீதிக்கு வெறும் தீனி கொடுக்க வேண்டும். எந்தக் கூண்டில் கட்டி சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் கட்டி வேண்டுமே! மார்ச்சில் வேலை ஒப்பந்தம் முடிகிறது. கட்டி இல்லையென்றால் வேலையும் இல்லை.

“இன்னும் வரலையா?” என்றார் பேராசிரியர் நிஷிவாகி.

“கொஞ்சம் தாமதமாகுது, சென்செய்.”

“மத்தவங்க கூண்டுல கோலிக்குண்டு சைசுக்குக் கட்டி நிக்குது. உங்க எலிங்க மட்டும் சுற்றுலா வந்த மாதிரி ஓடுதுங்க!”

ஒகுமுரா செல்களை இரட்டிப்பாக்கி மறுபடி ஊசி போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. நகோயாவில் இருந்த பழைய நண்பரிடம் இனிப்புப் பெட்டியோடு போய், இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கி, வேறு செல்கள் வாங்கிவந்தார்.

“பொல்லாத செல்லுங்கப்பா இது. பத்திரம்” என்று எச்சரித்துக் கொடுத்தார் நண்பர்.

அந்தப் பொல்லாத செல்கள் அரிசி அளவுக்கு எழும்பி, வந்த சுவடு தெரியாமல் அடங்கிப்போயின. ஒருவேளை எலிகள் நோஞ்சானோ? தீனி போடும் ஹமானோ அம்மாளைப் பிடித்தார்.

“ஹமானோ-சான், அதுங்க ஒழுங்கா சாப்பிடுதுங்களா?”

“வயித்துக்கு வஞ்சனை இல்லாம சாப்பிடுதுங்க.”

“இன்னும் நெறைய போடுங்க. உடம்புல தெம்பு இருந்தாத்தான் கட்டி வளரும்.”

“அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு.”

அதற்குப் பிறகு போட்ட ஊசிக்கு அரிசி அளவுகூட எழும்பவில்லை. எலிகள் கொழுகொழுவென்று ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் கோயிலுக்கே போய்விட்டார். விஞ்ஞானிதான், ஆனால் வேலை போகிற மனிதனுக்கு விஞ்ஞானமாவது ஒன்றாவது! வேண்டுதல் பலகை ஒன்று வாங்கி, ‘புற்றுநோய் நன்றாக வளர வேண்டும்’ என்று எழுதி மாட்டினார். பக்கத்தில், கணவரின் ஆபரேஷனுக்காகப் பலகை மாட்டிக்கொண்டிருந்த பெண்மணி அதைப் படித்துவிட்டார்.

“யா… யாருக்குங்க?”

“ஒருத்தருக்கில்லைங்க. இருபது பேருக்கு” என்றார் ஒகுமுரா, ஏதோ ஞாபகத்தில்.

அந்த அம்மாள் தன் பலகையைக் கழற்றிக்கொண்டு எதிர்க்கோடிக்கு ஓடினார்.

கோயிலும் கைவிட்டது. “போதும்” என்றார் நிஷிவாகி. “பணம் போட்ட மருந்துக் கம்பெனிக்காரங்களும் கைகழுவிட்டாங்க. இனிமே இந்த மருந்துப் பேச்சே வேணாம்.” எலிகளைக் கருணையோடு கொன்றார்கள். மிச்சமிருந்த மருந்து எரியுலைக்குப் போயிற்று. மார்ச்சுக்குப் பிறகு வரவேண்டாம் என்று ஒகுமுராவிடமும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச்சுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்க, இலையுதிர்காலத்தில், ஆய்வில் இறந்த பிராணிகளுக்கான அஞ்சலி நாள் வந்தது. நினைவுக்கல்லின் முன்னால் எல்லோரும் வரிசையாக வெள்ளைச் சாமந்தி வைத்தார்கள். ஒகுமுராவும் ஒன்று வைத்துக் குனிந்து வணங்கினார். அந்த இருபது உயிர்களும் யாருக்கும் பயனில்லாமல் செத்துப்போயின, எல்லாம் தன்னால்தான் என்று வெட்கமாக இருந்தது.

ஹமானோ அம்மாள் வந்து, பையிலிருந்து ஒரு பிடி தீனியை எடுத்துக் கல்லின் முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

“உங்க எலிங்களுக்குத்தான். ஆசையா சாப்பிடுங்களே!”

ஒகுமுரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரொம்ப நன்றி, ஹமானோ-சான். வெறும் தீனியா இருந்தா என்ன, உங்களுக்காவது அதுங்களை நெனைக்கணும்னு தோணிச்சே.”

“வெறும் தீனியா? அதை அதுங்க கண்ணாலயும் பாத்ததில்லையே! வந்த நாள்லேர்ந்து எல்லாத்துக்கும், உங்க பேர் போட்ட மருந்துத் தீனியைத்தானே போட்டேன்!”