அருவிக்கு இறங்கித்தான் போகணுமாம்

நாமகிரிப்பேட்டை,
வியாழக்கிழமை.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வசிக்கும் அன்பு மாப்பிள்ளை தனபாலுக்கு, உன் அக்காவைக் கட்டிய மருதாசலம் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் சுகம். அங்கு நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க நம் அம்மனை வேண்டுகிறேன். உன் சுகம் மட்டும் சனிக்கிழமை மதியம் வரை இருந்தால் போதும். காரணம் பின்னால் வருகிறது.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அக்கா "தம்பிங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க" என்கிறாள். வாட்ஸ்அப்பில் அடித்தால் அது நித்யஸ்ரீயின் லேப்டாப்பிலும் தெரிகிறது. மண்டி பில் அனுப்ப வசதி என்று மகள் செய்துகொடுத்த ஏற்பாடு. ஆகவே கூரியர். படித்ததும் கிழித்துவிடு.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொல்லிமலை அருவிக்கு நடந்து போய்க் குளித்துவிட்டுச் சாயந்திரம் திரும்புவது என்று முடிவாகிவிட்டது. உனக்கு இப்போது நெஞ்சு பக்கென்றிருக்கும். எனக்குத் திங்கட்கிழமையிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், தலை ஆடிக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, புது மாப்பிள்ளையும் மச்சினனும் அருவி பார்க்கப் போகிறோம் என்று உன் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோமே, மறந்திருக்க மாட்டாய். மலைமேல் செம்மேட்டில் இறங்கி, பஸ் நின்ற இடத்திலேயே புளிச்சோற்றை முடித்து, அதற்கு மேல் ஆளுக்கொரு அன்னாசிப்பழம் தின்று, பலாமரத்தடியில் துண்டை விரித்து நாலு மணி வரை தூங்கினோம். காய்ந்த துண்டோடு வீட்டுக்குப் போனால் அசிங்கம் என்று அடிபம்பில் மாற்றி மாற்றி அடித்து நனைத்துக்கொண்டு வந்தோம். உன் அக்கா ஆசையாகக் கேட்டாளே என்று, ஆயிரம் படி ஏறிப் போய் அருவியில் குளித்ததாகச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். "மச்சான் பாறை மேல இருந்து குதிச்சாரு, அக்கா" என்று ஒட்டுப் போட்டவன் நீ. அந்தப் பாறை அன்றைக்குப் பத்தடி. நித்யஸ்ரீ காதுகுத்துக்கு இருபதடி ஆனது. போன வருஷம் உன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் நாற்பதடி. ரசம் ஊற்றியவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த பாறைக்கு மகள் ரூபத்தில் ஆபத்து வந்தது. அவள் பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறாள் அல்லவா, திங்கட்கிழமை போனில் எதையோ தள்ளிக்கொண்டே, "ஏப்பா, ஆயிரம் படி ஏறி அருவிக்குப் போனதாத்தான சொல்லுவீங்க? இதுல அருவி கீழ கெடக்குது. போறப்ப எறங்கித்தான் போகணுமாமா, வாரப்பத்தான் ஏறணுமாமா" என்றாள். மாப்பிள்ளை, எனக்கெப்படித் தெரியும்? மலை என்றால் மேலே, அருவி என்றால் அதற்கும் மேலே என்று நினைத்தேன். நீயாவது அன்னாசிக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கக் கூடாதா? "அப்பெல்லாம் ஏறித்தான் போகணும் சாமி, பொறகு மாத்திட்டாங்க" என்றேன். "அருவியையாப்பா?" என்று கேட்டாள். உன் அக்கா தக்காளி நறுக்கியபடி, "அப்ப நேர்ல போயே பாத்துப்போடலாமுங்க" என்றாள்.

அன்றிலிருந்து நான் போட்ட தடை ஒவ்வொன்றும் பயணத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. முழங்கால் வலி என்றேன். பக்கத்து வீட்டு ராமாத்தாளுக்கு எழுபத்திரண்டு வயது, சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "ஏஞ் சாமி மருதாசலம், நாஞ் சித்திரையில போயிட்டு வந்தனே! நானும் வாரேன், கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றது. வாசலில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு, நம்மூர் டிரைவர் எவனும் வரமாட்டான் என்று கிளப்பிவிட்டேன். எதிர்வீட்டுக் காளியண்ணன் வேனைக் கழுவி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஒடிசாக் காட்டுக்குள்ள போர்வெல் வண்டிய ரிவர்சுல ஓட்டுனவன் நானு. இதெல்லாம் ஒரு வளைவுங்களா?" என்கிறார். அவர் சம்சாரம் கட்டுச்சோற்றுக்குப் புளி ஊறப்போடுவது பற்றி இப்போதே பேசுகிறது.

கடைசியாக, சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வாய், அம்மனிடமே பூப்போட்டுக் கேட்போம் என்றேன். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலம் கட்டுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டு, இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்துக் கட்டினேன். உன் அக்கா பொட்டலத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எங்களுக்கு முன்னால் கோயிலுக்கு நடந்தாள். அம்மன் காலடியில் வைத்து, நித்யஸ்ரீயை ஒன்று எடுக்கச் சொன்னார் பூசாரி. பிரித்தாள். வெள்ளை! மல்லிகை மாதிரி வெளேரென்று வெள்ளை அரளி. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இத்தனை வருஷமாகப் பொங்கல் வைக்கிற சாமி, நாற்பதடிக் கணக்கை எல்லாம் எழுதி வைத்திருக்கும் போல.

இதெல்லாம் உனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தனபாலு, நான் வாயைத் திறந்தால் உன் அக்கா எழுந்து பாத்திரம் கழுவப் போகிறவள். மஞ்சள் விலை, மண்டி அரசியல், என் சர்க்கரை அளவு எதையும் காதில் வாங்குவதில்லை. இந்த அருவிக் கதையை மட்டும்தான் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள். எனக்கென்று இருப்பது அந்த ஒரு கதை. அதுவும் போய்விட்டால் அப்புறம் ஊட்டுக்குள்ள நான் எதப் பேசுறது சொல்லு.

அதனால் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அவள் சாப்பிட்டு முடித்த பிறகு போன் போடு. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல். வேனோடு அத்தனை பேரும் கட்டுச்சோற்றைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு வந்துவிடுவோம், அருவி தப்பித்தது. இடது காலில் கட்டுப் போட்டால் போதும். வலது காலென்றால் அப்புறம் பைக் பிரேக்கை மிதிக்க முடியாமல் கஷ்டப்படுவாய். ஸ்பீக்கரில் இருப்பாய் என்பதால் அளவாக முனகு.

உன் வீட்டாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லாரும் கை கால் சுகத்தோடு (உன் இடது கால் நீங்கலாக) நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
மருதாசலம்.

பின்குறிப்பு: தனபாலு, இது அக்கா வசந்தாமணி எழுதறேன். உங்க மச்சான் சோத்துப் பருக்கை கேட்டு அடுப்படியில வந்து நின்னாரு, கவர் ஒட்டோணுமாம். கல்யாணமாகி இத்தன வருசத்துல அவரு கவர் ஒட்டி நான் பாத்ததில்ல. குளிக்கப் போனதும் எடுத்தேன், பருக்கை காயவே இல்ல. அருவிக்குப் போகலைன்னு நீ அன்னிக்கே அம்மாகிட்ட ஒளறிட்ட. அம்மா எங்கிட்டச் சொல்லிருச்சு. பாறை எத்தன அடி வளருதுன்னு பாக்கத்தான் கன்னத்துல கைய வெச்சுக் கேட்டுட்டு இருந்தேன். பொட்டலத்தப் பிரிச்சு ரெண்டுலயும் வெள்ளப் பூ வெச்சது நாந்தான். அம்மங்கிட்ட அவருக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுட்டேன். எனக்கு அந்த அருவிய ஒருக்கா நெசமாப் பாக்கோணும் சாமி. கால்ல கட்டெல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு இங்க வந்து சேரு. நீங்க ரெண்டு பேரும் முன்னால நடங்க, வழி உங்களுக்குத்தானே தெரியும்.