சேவல் வந்த வீடு

முதலில் தப்பு செய்தவன் மச்சினன்தான். பூட்டுக்காரர் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வார். பூட்டு ரிப்பேருக்கு வந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

மச்சினன் பஸ் ஓட்டுகிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, மூன்றாவது முட்டையை வாயில் போட்டுக்கொண்டே சொன்னான்:

"அக்கா வளர்க்கிற கோழியெல்லாம் அக்கா மாதிரியேதான். ஆம்பளைத் துணை எதுவும் இல்லாமலே எல்லா வேலையும் ஒழுங்கா நடக்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். பூட்டுக்காரரின் மனைவியும் சிரித்தாள். அதுவும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி.

கொல்லையில் இருந்த ஆறு கோழிகளும் அவளுடையவை. சேவல் கிடையாது. கோழி முட்டை போடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை என்பது அவளுக்குத் தெரியும், மச்சினனுக்குத் தெரியும், முட்டைக்கே தெரியும். பூட்டுக்காரருக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது.

"நாளைக்கே ஒரு சேவல் வருது. ரெண்டு மாசத்துல முட்டை கூடும். கூடினா நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கூடலேன்னா?"

"நான் உன்கிட்ட கேக்கறேன்!"

"வேணாங்க," என்றாள் மனைவி. "நல்லா இருக்கிற இடத்துல புதுசா எதையும் விடாதீங்க. கோழி மிரண்டா முட்டை நின்னுடும்."

"எனக்குத் தெரியாத கோழியா?"

வெல்டர் ஒருவர் சும்மாவே ஒரு சேவலைக் கொடுத்தார். கூடையையும் சேர்த்துக் கொடுத்தார். வாசல் வரைக்கும் ஓடிவந்து, "திருப்பிக் கொண்டுவந்துடாதீங்கண்ணே" என்றார். பூட்டுக்காரர் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சேவல் கொல்லையில் இறங்கிய நிமிடமே தீவனத் தட்டை மிதித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் வந்த கோழியின் முதுகிலிருந்து ஒரு வாய் இறகைப் பிடுங்கியது. கோழிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தன. பசித்தாலும் வெளியே வரவில்லை. நாலு முட்டை வந்த இடத்தில் இரண்டு வந்தது, பிறகு ஒன்று. பூட்டுக்காரரையும் அது விடவில்லை. அவர் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போய்வந்தார்.

வெல்டரிடம் போய் நியாயம் கேட்டார்.

"ஆறு கோழி அதுக்குப் பத்தாதுண்ணே. இன்னும் மூணு விடுங்க, சாந்தமாயிடும்."

மூன்று வந்தன. வந்த கோழி பெரிதா, இருந்த கோழி பெரிதா என்று கொல்லையில் சண்டை மூண்டது. கொண்டை கிழிந்தது. யாருக்கும் முட்டை போட நேரமில்லை. அந்த வாரத்தோடு முட்டை சுத்தமாக நின்றது.

மனைவி முட்டைக் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மச்சினனிடம் மன்னிப்புக் கேட்பதா? அதற்குப் பதில் அந்தச் சேவலிடமே கேட்டுவிடலாம். பூட்டுக்காரர் யோசித்து யோசித்து, பின்வீட்டுத் தையல்காரம்மாவின் சுவரோரம் போய் நின்றார். அவளிடமும் கோழி உண்டு.

"முட்டை இருக்கா, தங்கச்சி? வீட்டுல தெரிய வேண்டாம்."

"காசு வேணாண்ணே. பீரோ பூட்டு மக்கர் பண்ணுது. பார்த்துக் கொடுத்துட்டு முட்டை வாங்கிக்குங்க."

பீரோ முடிந்து பின்கதவு. பின்கதவு முடிந்து மெஷின் டிராயர். பிறகு ஜன்னல் கொக்கிகள், அவள் நாத்தனாரின் பெட்டி, நாத்தனார் வீட்டு கேட். விடியும் முன்னே முட்டையை மடியில் கட்டிக்கொண்டு, வாளியைத் தலையில் கவிழ்த்து, கோழிக்கூண்டு வைக்கோலில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வார்.

"அட! இன்னைக்கு அஞ்சு!" என்பாள் மனைவி. "சேவல் வந்த நேரம் நல்ல நேரங்க."

"நான் சொல்லல?"

"நீங்க சொன்னீங்க. அது செய்யுது."

அவருக்குக் காது சுடும். சுடச்சுட ஆம்லெட்டைத் தட்டில் வைத்து, "நம்ம கோழி முட்டை, ருசியே தனி" என்பாள். அவர் தலையைத் தூக்காமல் சாப்பிடுவார். திருடிச் சாப்பிடுகிறவனுக்காவது பசி இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை.

இரண்டு மாதம் முடிந்தது. மச்சினன் வந்தான். பூட்டுக்காரர் முட்டைக் கூடையை அவன் மடியிலேயே வைத்தார்.

"பாருடா. நாலு போட்ட இடத்துல அஞ்சு."

மச்சினன் கூடையைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

"சரி மாமா. பேச்சுன்னா பேச்சுதான். அன்னைக்கு நான் சொன்னதுக்கு…"

"இருடா ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா. "என்னங்க, ரெண்டு பேரும் பின்னால வாங்க."

கொல்லையில் நின்று கேட்டாள். "இதுல நம்ம கோழி ஆறும் எதுன்னு காட்டுங்க."

வாளி இல்லாமல் அவர் கோழிகளைப் பார்த்து வெகுநாளாகிவிட்டது. எல்லாம் பழுப்பு. கண்ணில் பட்ட ஆறைக் காட்டினார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, "பா, பா" என்றாள். தையல்காரம்மாவின் சுவர்மேல் ஆறு கோழிகள் பறந்து வந்து உட்கார்ந்தன. முதுகில் புது இறகு பளபளத்தது.

"நீங்க அந்த மூணைக் கொண்டுவந்த அன்னைக்கே நம்ம ஆறையும் அங்க மாத்திட்டேன். கொஞ்ச நாள் இடம் புதுசுன்னு போடல. அப்புறம் போட ஆரம்பிச்சுது. இங்க அந்த மூணோட நிக்கிறது அவளோட கிழட்டுக் கோழிங்க ஆறு. முட்டை நின்னு வருஷமாச்சு. ஆனா அதுல ஒண்ணு சேவலையே ஓட ஓட விரட்டுது."

"அப்போ நான் வாங்கின முட்டை…"

"நம்ம முட்டைதான். அவ இடம் கொடுத்ததுக்கு நான் என்ன கைமாறு செய்யறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். நீங்களாப் போய் பீரோவுல ஆரம்பிச்சீங்க."

பூட்டுக்காரர் கடைசியாக ஒரு பிடியைப் பிடித்தார். "எப்படியோ, முட்டை கூடிச்சில்ல?"

"கூடிச்சு. சேவல் இல்லாத இடத்துல."

சுவருக்கு அப்பால் தையல்காரம்மா இருமுவது கேட்டது. அது இருமல் இல்லை. பூட்டுக்காரர் இத்தனை வருஷம் அந்தக் கோழிகளின் முட்டையைச் சாப்பிட்டிருக்கிறார், ஒன்றின் முகம்கூட அவருக்குத் தெரியவில்லை. மச்சினன் முன்னால், மனைவி முன்னால், சேவல் முன்னால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மன்னிச்சுக்கப்பா."

"அய்யோ, விடுங்க மாமா."

பூட்டுக்காரர் போகவில்லை. பந்தயம் வேறு, அன்றைக்கு அவன் கேலி பேசியது வேறு. அதற்கு அவன் மன்னிப்புக் கேட்பான் என்று நின்றார்.

"மாமா, நான்கூட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேனே…"

"சொல்லு, சொல்லு."

"ஆங்! என் பைக் பூட்டு இறுகிப்போச்சு. கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்துக் கொடுத்தார். சாவி இப்போது வெண்ணெய் மாதிரி திரும்புகிறதாம். மன்னிப்பு மட்டும் இன்னும் வந்தபாடில்லை.