குப்பை இல்லாத ஞாயிற்றுக்கிழமை

ஆறும் ஓடையும் தானாக ஓடுவதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஓடை அந்த ரகமல்ல. அதை ஓட வைப்பது 'ஓடை மீட்புத் தொண்டர் குழு'. செயலாளர், அடியேன்.

எங்கள் பணிமுறை கட்டுக்கோப்பானது. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடுவோம். முதலில் குப்பையோடு ஒரு 'முன்' படம். பிறகு அள்ளுதல். பிறகு சுத்தமான ஓடையோடு 'பின்' படம். படமில்லாத தொண்டு தொண்டே அல்ல. இது விதி எண் நான்கு. ஓடையில் குப்பை கொட்டுகிறவரைப் படம் பிடித்து அனுப்பினால் பாராட்டுப் பத்திரம் என்றும் அறிவித்திருந்தோம். ஒரு வருடமாக ஒரு படம்கூட வரவில்லை. ஊர் திருந்திவிட்டது என்று ஆண்டறிக்கையில் எழுதிவிட்டேன்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தால் பேரதிர்ச்சி. ஓடையில் ஒரு பிளாஸ்டிக் பைகூட இல்லை! பாலத்தடிக் குழாய்வரை தண்ணீர் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடைக்கரை வீட்டுத் தையல்காரம்மா ஈரக் கையோடு நின்றார். பக்கத்தில் பன்னிரண்டு மூட்டைக் குப்பை.

"யாரைக் கேட்டும்மா அள்ளினீங்க?" என்றார் தலைவர். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது.

"மழை வரப்போகுதுங்க. குழாய் அடைச்சுக்கிட்டா தண்ணி நேரா என் வீட்டுக்குள்ளதான் வரும். முப்பது பிள்ளைங்களுக்குச் சீருடை தைச்சு வச்சிருக்கேன்."

"அதெல்லாம் சரி. 'முன்' படத்துக்கு நாங்க எங்க போறது?"

நியாயமான கேள்வி. நின்றபடியே அவசரக் கூட்டம் நடத்தி, 'மாசுநிலையைத் தற்காலிகமாக மீட்டெடுத்தல்' என்ற தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றினோம். கையுறை மாட்டி, வரிசையாக நின்று, மூட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி ஓடையில் கொட்டினோம். குழுவில் அப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதே இல்லை.

"ஐயா, மறுபடி அள்ளிடுவீங்கல்ல?" என்றார் தையல்காரம்மா. கையில் கைபேசி.

"பத்தே நிமிஷம்மா."

ஒன்பதாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. தொண்டர்களின் உடல்நலமே முக்கியம் என்பது விதி எண் இரண்டு. முதலில் ஓடியது நான்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தபாலைப் பிரித்தேன். பாராட்டுப் பத்திரத்துக்கு முதல் விண்ணப்பம்! படம் பிரமாதம். அத்தனை பேர் முகமும் துல்லியம். மூட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் சிரிப்பதுகூட. பின்பக்கத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன்:

"இது 'முன்' படம். 'பின்' படம் என் வீட்டுக்குள்ள முழங்காலளவு நிக்குது. சீருடையெல்லாம் சேறு. அள்ள வாங்க. கேமரா வேண்டாம்."

"கேமரா இல்லாமலா?" என்றார் தலைவர்.

விதி எண் நான்கின்படி, யாரும் போகவில்லை. நானும்தான்.